ஒரு நாட்டின் பூல் (மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் விழச்செய்யும் ஆட்டம்) அணியை நெருக்கடி மிகுந்த சர்வதேசப் போட்டிக்கு எப்படித் தயார்படுத்த வேண்டும்?

நாட்டிலேயே சிறந்த ஐந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மீதி அவரவர் மனவலிமையைப் பொறுத்ததுதானே, அணிக்கென்று தனியாக ஒரு தயாரிப்பு எதற்கு என்பது கேள்வியின் இரண்டாம் பகுதி. நான் பயிற்சியாளன் அல்லன். மாலை நேரங்களில் பூல் ஆடுபவன், மோஸ்கோனி கோப்பையை விடாமல் பார்த்து வருபவன். அந்தக் கோப்பையில் அமெரிக்க அணிக்கு நேர்ந்ததை வைத்தே பதில் சொல்கிறேன், ஏனெனில் இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1994 முதல் நடந்துவரும் இந்தப் போட்டியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஐவர் கொண்ட அணிகளாக நைன்-பால் (ஒன்பது எண்ணிட்ட பந்துகளை வைத்து ஆடும் பூல் வகை) ஆடுகின்றன. முதலில் 11 புள்ளிகளை எட்டும் அணிக்குக் கோப்பை. 2010 முதல் 2017 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஐரோப்பாவே வென்றது. 2013 இல் சொந்த மண்ணான லாஸ் வேகஸிலேயே அமெரிக்கா 2–11 என்று நொறுங்கியது. இத்தனைக்கும் அந்த அணியில் இருந்த ஷேன் வான் போனிங் 2012, 2013, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் யு.எஸ். ஓப்பன் நைன்-பால் பட்டத்தை வென்றவர். ஐரோப்பாவிடம் முதல்தர வீரர்கள் எண்ணிக்கையில் அதிகம் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தோல்வி அவ்வளவு பெரிதாக இருந்ததற்கு அது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

அமெரிக்க வீரர்கள் பலர் பணம் வைத்து மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் நீளும் ஒற்றையர் ஆட்டங்களில் வளர்ந்தவர்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் கை சரியாக வராவிட்டாலும் பெரிய நட்டம் இல்லை. மேசையின் போக்கைப் பிடித்துக்கொண்டு பின்னர் மீண்டுவிடலாம். மோஸ்கோனி கோப்பையில் ஒவ்வோர் ஆட்டமும் ஐந்து ரேக்குகளை (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடி முடிக்கும் சுற்று ஒரு ரேக்) முதலில் எடுப்பவருக்குத்தான். இரண்டு பிழைகள் செய்தால் ஆட்டம் கைநழுவிவிடும். ஐரோப்பிய வீரர்களோ சிறுவயது முதலே கிளப் லீக்குகளிலும் நாட்டு அணிகளிலும் பிறருக்காக ஆடிப் பழகியவர்கள்.

2017 இல் அமெரிக்கா செய்த காரியம் துணிச்சலானது. ஐரோப்பிய அணிக்குப் பலமுறை தலைமை தாங்கி ஒருமுறைகூடத் தோல்வி காணாத நெதர்லாந்துக்காரர் யோஹான் ரெய்சிங்கைத் தங்கள் கேப்டனாக்கினார்கள். அவருடைய முதல் ஆண்டிலும் 4–11 என்ற தோல்விதான். அதற்குப் பிறகும் அவரை மாற்றாமல் வைத்திருந்ததுதான், என் பார்வையில், அந்தத் திட்டத்தின் மிக முக்கியமான முடிவு. 2017 அணியிலிருந்த வான் போனிங், ஸ்கைலர் உட்வர்ட், பில்லி தார்ப் ஆகிய மூவரும் தொடர்ந்தார்கள். 2018 இல் லண்டனில் 11–9, 2019 இல் லாஸ் வேகஸில் 11–8 என இரண்டு கோப்பைகள் வந்தன. இரண்டிலும் சிறந்த ஆட்டக்காரர் உட்வர்ட். தேர்வுப் போட்டிகளின் தரவரிசையை மட்டும் பார்த்து ஆண்டுதோறும் அணியைக் கலைத்துப் போடுபவர்களுக்கு இத்தகைய தொடர்ச்சி கிடைக்காது.

இனி தயாரிப்புக்கு வருவோம். நெருக்கடி முதலில் தாக்குவது கையை. பரபரப்பில் பின்கை கியூவை (அடிக்கும் கோலை) இறுக்கிப் பிடிக்கும், வீச்சு குறுகும், அடி மட்டும் தேவையைவிட வேகமாக விழும். பந்து பாக்கெட்டில் விழுந்தாலும் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஓடிவிடும். மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தையே முதலில் தொட வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த ஓரடி வித்தியாசமே அடுத்த ஷாட்டைக் கெடுத்துவிடும். இதற்கு “பதற்றப்படாதே” என்ற அறிவுரை உதவாது. ஒரு ஷாட்டுக்கு 30 வினாடிதான். ஒரு ரேக்கில் ஒருமுறை மட்டுமே கூடுதல் நேரம் கேட்கலாம். ஆகவே அந்த 30 வினாடிக்குள் அடங்கும் ஒரே நடைமுறை ஒவ்வொரு வீரருக்கும் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்: கியூவின் நுனியில் சாக்குப் பொடி தடவியபடியே நின்று பார்ப்பது, பந்தையும் அடுத்த நிலையையும் நின்றுகொண்டே முடிவு செய்வது, குனிந்த பிறகு எதையும் யோசிக்காமல் அடிப்பது. குனிந்த பின் சந்தேகம் வந்தால் எழுந்து நின்று மறுபடியும் தொடங்க வேண்டும். கடிகாரம் ஓடும்போது இதைச் செய்யப் பெரிய வீரர்களுக்கே மனம் வருவதில்லை. பெரும்பாலான அசட்டுப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. முகாமில் எல்லாப் பயிற்சியும் கடிகாரத்தோடு, 25 வினாடிக்கே மணி அடிக்கும்படி நடந்தால் நல்லது.

அடுத்தது நாற்காலி. எதிராளி தொடர்ந்து பந்துகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போது கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து, எழுந்து வந்து ஒரு கடினமான சேஃப்டியை (எதிராளிக்கு நல்ல வாய்ப்பு விடாத தற்காப்பு அடியை) ஆட வேண்டியிருக்கும். வழக்கமான பயிற்சியில் யாரும் இதைப் பழகுவதில்லை. நூறு பந்தை வரிசையாகப் போட்டுக் கை சூடேறிய பிறகுதான் கடினமான ஷாட்டுக்கே போகிறார்கள். வீரரை அரை மணி நேரம் உட்கார வைத்து, திடீரென்று அழைத்து, ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்து, தவறினால் மீண்டும் உட்காரச் சொல்ல வேண்டும். சலிப்பான பயிற்சிதான், ஆனால் போட்டியில் நடப்பது அதுவே.

இரட்டையர் ஆட்டத்தில் இணையர் இருவரும் மாறி மாறி அடிப்பதால், ஒருவர் விட்டுவைக்கும் வெள்ளைப் பந்திலிருந்துதான் மற்றவர் தொடங்குகிறார். தனக்குப் பிடித்த கோணத்தை அல்ல, துணைவருக்குப் பிடித்த கோணத்தைத் தர வேண்டும். அவர் இடக்கையரா, குஷனை (மேசையின் ஓர விளிம்பை) ஒட்டிய பந்தில் தயங்குபவரா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அணி ஒன்றாகத் தங்கிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒற்றுமை, உற்சாகம் முதலியவை அதன் கூடவே வந்து சேரும்.

கூட்டத்தின் சத்தத்தைப் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த வான் போனிங் காதுக்கருவியை அணைத்துவிட்டு ஆடக்கூடியவர். மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. முகாமில் ஒலிபெருக்கி வைத்துக் கத்த விடுவதில் தவறில்லை, ஆனால் அதைவிட முக்கியம் போட்டி மேசையின் துணி. புதுத் துணியில் பந்து வழுக்கிக்கொண்டு அதிகத் தூரம் போகும், ஈரப்பதம் ஏறினால் மந்தமாகும். போட்டியில் பயன்படும் அதே வகை மேசையையும் துணியையும் முகாமுக்கு வரவழைக்கக் கூட்டமைப்பு செலவழிக்க வேண்டும். உளவியலாளருக்குச் செலவழிக்கும் முன்பே இதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

யாரை எந்த வரிசையில் இறக்குவது என்பதைக் கேப்டன் முகாமிலேயே கவனித்து வைக்க வேண்டும். தரவரிசையில் முதலிடம் பெற்றவரே 9–9 என்ற நிலையில் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து வந்து அடித்தபோதும் யாருடைய வீச்சு குறுகவில்லையோ, அவரை அந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.