ஞாயிறு சாயங்காலத்து ஐஸ் பை

அன்புள்ள அக்கா,

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் கேரியில் இருக்கிறேன். மகனுக்கு 15 வயது. பேஸ்பாலில் வலது கையால் பந்து வீசுகிற பிட்சர். பள்ளி சீசன் மே மாதம் முடிந்த கையோடு கோடை அணிகள் தொடங்கிவிடும். இந்த வருடம் இரண்டு அணிகளில் ஆடுகிறான். ஜூன், ஜூலையில் மட்டும் எட்டு டோர்னமென்ட். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் ஞாயிறு ராத்திரிதான் வீடு. சார்லட், ரிச்மண்ட், கிரீன்வில் என்று காரிலேயே வாழ்கிறோம். மோட்டல் பாத்ரூமில் அவன் பேன்ட்டைத் துவைத்து ஏசிக்கு முன்னால் காயப்போடுவது என் வேலை. பந்து வீச அவன் மவுண்ட் என்கிற மண்மேட்டில் ஏறினால் எனக்குக் கை சில்லிட்டுப்போகும்.

போன சனிக்கிழமை காலை ஓர் அணிக்கு 72 பந்து வீசினான். அதே ஆட்டத்தில் மீதி இன்னிங்ஸுக்கு, மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சராகவும் உட்கார்ந்தான். ஞாயிறு மாலை அடுத்த அணிக்கு இரண்டு இன்னிங்ஸ் வீசி ஜெயித்துக் கொடுத்தான். இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்தால் முழங்கை கொஞ்சம் வலிக்கிறது என்கிறான், ஐஸ் வைத்தால் சரியாகிவிடுகிறது. ஜப்பானில் இந்த வயதுப் பையன்கள் ஒரே நாளில் 200 பந்துக்கு மேல் வீசுவார்கள் என்று கோச் சொல்கிறார்.

என் கேள்வி: இந்தப் பணத்தையும் நேரத்தையும் கல்லூரி நுழைவுக்கான எஸ்ஏடி தேர்வு வகுப்பில் போடக்கூடாதா என்கிறார்கள் நண்பர்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்கிறார்கள். என் ஆசையை அவன் தலையில் ஏற்றுகிறேனோ என்று மனைவிக்குச் சந்தேகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

மோட்டல் பாத்ரூமில் நீங்கள் பேன்ட் துவைக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த மண்கறை லேசில் போகாது. இரண்டு கோடைக்காலம் டெக்சாஸில் என் அக்கா மகள் வீட்டில் இருந்தேன். அவள் பையனுக்கு அப்போது 14 வயது. அவனோடு ஊர் ஊராகப் போனோம். கம்பிவலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலி, காலடியில் ஐஸ் பெட்டி, பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பும் தாத்தாக்கள். ஸ்டிரைக் எது, பால் எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி ஒரு தாத்தாதான். நல்ல ஆட்டம். பையன் வீசுகிற ஒவ்வொரு பந்துக்கும் பெற்றவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நல்ல விஷயம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் கேள்விகளை வேகமாகத் தாண்டிப்போகிறேன். எஸ்ஏடி வகுப்பு எங்கும் ஓடிப்போகாது. ஆசையை ஏற்றுகிறீர்களா என்றால், ஏற்றுகிறீர்கள்தான். எந்த அப்பா ஏற்றவில்லை? கல்லூரி உதவித்தொகைக் கணக்கு மனதில் இருந்தால் அதை மட்டும் இறக்கி வையுங்கள். முதல் பிரிவுக் கல்லூரி பேஸ்பால் அணி ஒவ்வொன்றும் வெகுகாலம் 11.7 முழு உதவித்தொகையை 27 பேர் வரை பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2025-இல் விதி மாறியது என்றாலும் அதை நம்பி யாரும் பிள்ளை வளர்க்க முடியாது.

நம் பிள்ளைகளுக்கு என்ன இடம் என்கிற உங்கள் நண்பர்களிடம் குமார் ராக்கர் பெயரைச் சொல்லுங்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2022-இல் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி மொத்தத்தில் மூன்றாவது ஆளாக எடுத்தது. ஆனால் அந்தப் பையன் 2023-இல் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் என்கிற உச்சத் தொழில்முறைப் போட்டியில் முதல் பந்தை வீசினான். நான் பேச வந்தது அந்த முழங்கையைப் பற்றித்தான்.

‘கொஞ்சம் வலிக்கிறது என்கிறான், ஐஸ் வைத்தால் சரியாகிவிடுகிறது.’ தம்பி, இதை எப்படி இவ்வளவு சாதாரணமாக எழுதினீர்கள்? பயணத்துக்கு ஒரு பத்தி, நண்பர்கள் சொன்னதற்கு இரண்டு வரி, பிள்ளையின் வலிக்கு ஒரே வரியா? ஐஸ் வைத்தால் மரத்துப்போகும். சரியானது என்று யார் சொன்னது? டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

முழங்கையின் உட்பக்கம் மேல்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் கட்டிவைத்திருக்கும் தசைநார் ஒன்று உண்டு. பந்து வீசுகிற ஒவ்வொரு முறையும் அது இழுபடுகிறது. பெரியவர்களுக்கு அது நைந்து கிழியும். உங்கள் மகன் வயதில் எலும்பு வளரும் இடமே இன்னும் முற்றாமல் இருக்கக்கூடும், இழுப்பு அங்கே விழும். 1974-இல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்கு இந்த நார் போயிற்று. டாக்டர் ஃபிராங்க் ஜோப் இன்னொரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துத் தைத்தார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டுச் செய்த வேலை. டாமி ஜான் 1976-இல் திரும்பி வந்து, 1989 வரை ஆடினார். அந்த ஒரு மனிதர் பிழைத்து வந்ததால், இன்று சில பெற்றோர் அறுவை சிகிச்சை செய்தால் கைக்கு இன்னும் பலம் வரும் என்றுகூட நம்புகிறார்கள். இது பெரும் மடமை. 2015-இல் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழரங்கில் பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸுக்கு இடம் கொடுத்தார்கள். இந்த அறுவை செய்துகொண்ட பிட்சர்களில் அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். அந்த மேடையில் அவர், பிள்ளைகளை ஆட விடுகிற அப்பா அம்மாக்களைப் பார்த்துப் பேசினார்: 14, 15 வயதில் இது நடப்பது இயல்பு இல்லை, இந்த ஆட்டம் வருடம் முழுவதும் ஆடுவதற்கு இல்லை என்று.

இப்போது உங்கள் சனிக்கிழமைக்கு வருகிறேன். 2014-இல் மேஜர் லீகும் நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்று ஒரு வழிகாட்டி போட்டார்கள். யுஎஸ்ஏ பேஸ்பாலின் பயிற்சி வளாகம் நீங்கள் இருக்கிற கேரியிலேயே இருக்கிறது, பலமுறை காரில் தாண்டிப் போயிருப்பீர்கள். 15, 16 வயதுப் பையன் 61 முதல் 75 பந்து வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு. சனிக்கிழமை 72 வீசினான் என்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் பந்து வீசக்கூடாது. புதன்கிழமைதான் அடுத்த பந்து. அவன் மறுநாளே வீசினான். பிட்சராக வீசிய ஆட்டத்தில் கேட்சராக உட்காரக்கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான். உட்கார்ந்தான். ஒரே சீசனில் இரண்டு அணிக்கு வீசக்கூடாது. வீசுகிறான். சனிக்கிழமை கோச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கோச்சுக்குச் சனிக்கிழமை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் கார் ஓட்டுகிற நீங்கள்.

ஒரு புள்ளிவிவரத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது மனதில் முள்ளாகவே கிடக்கிறது. அலபாமா பர்மிங்ஹாமில் விளையாட்டு மருத்துவம் பார்க்கிறவர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அறுவைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு ஆபத்து 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. கை சோர்ந்துவிட்டது என்பதை, பந்தின் வேகத்தை அளக்கிற எந்த ரேடார் கன்னும் காட்டாது. பையன்தான் சொல்ல வேண்டும். அவன் ஏன் சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கோவில்பட்டி ஹாக்கி ஊர். ஆனால் 1983-இல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய பிறகு பையன்கள் பாதிப் பேர் ஹாக்கி மட்டையைப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பந்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் மே மாத லீவில் சுற்றுவட்டாரம் முழுக்க சுழற்கோப்பைப் போட்டிகள். என் அண்ணனுக்கு 17 வயது, நல்ல வேகம். மூன்று ஊர் அணிகள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போயின. போகவர பஸ் காசு, மத்தியானம் பரோட்டா. அப்பா சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லைக்கோட்டோரம் நிற்பார். வீட்டில் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. டீக்கடையில் மட்டும் ‘நம்ம பய மூணு விக்கெட்டு’ என்பார்.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் அண்ணன் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தான். நான் துண்டு கொடுக்கப் போனேன். வலது கையில் சொம்பை எடுத்தான். நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேல் கை எழவில்லை. முகம் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. சொம்பை இடது கைக்கு மாற்றித் தலைக்கு ஊற்றிக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், ‘ஏட்டி, அப்பாட்ட சொல்லிராத’ என்றான். எனக்கு 12 வயது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எட்டு ஓவர் வீசினான். கோப்பை எங்கள் தெருவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவன் பந்தே வீசவில்லை. இரண்டு மாதம் எண்ணெய்க்கட்டு. கட்டுப் போடும்போது அப்பா பக்கத்தில் நின்று, ‘ஏலே, என்ட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, அப்பா இறந்த பிறகு, நான் கேட்டபோது சொன்னான்: ‘அப்பா மரத்தடில நிக்காரு. எப்படிச் சொல்லுவேன்?’ இன்று அவன் அறுபதை நெருங்குகிறான். அடுக்களைப் பரணிலிருந்து டப்பா எடுக்க இடது கையைத்தான் தூக்குகிறான்.

உங்கள் மகன் ‘கொஞ்சம்’ என்று சொன்னானே, அந்தச் சொல்லை நான் நம்பவில்லை. நீங்கள் 300 மைல் ஓட்டியிருக்கிறீர்கள், பேன்ட் துவைத்திருக்கிறீர்கள், கம்பிவலைக்குப் பின்னால் கை சில்லிட்டு நிற்கிறீர்கள். இத்தனையும் அவனுக்குத் தெரியும். அந்த அப்பாவிடம் ‘ரொம்ப வலிக்குது, இன்னைக்கு வேண்டாம்’ என்று எந்தப் பையன் சொல்வான்? கொஞ்சம் என்று சொன்னதே பெரிது. என் அண்ணன் அதுகூடச் சொல்லவில்லை.

டெக்சாஸில் ஒன்று கவனித்தேன். பந்து கை விட்டதும் அப்பாக்கள் முதலில் ரேடார் கன்னைப் பார்ப்பார்கள். எண்ணைப் பார்த்த பிறகுதான் பையனைப் பார்ப்பார்கள். அதற்குள் அவன் முகத்தைச் சரிசெய்துகொண்டிருப்பான். என் பேரன் ஒருதடவை பந்தை விட்டுவிட்டு விரல்களை உதறினான். பார்த்தது நான் மட்டும்தான். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போய் அவன் அம்மாவிடம் சொன்னேன். அந்த இன்னிங்ஸோடு அவனை இறக்கினார்கள். காரில் திரும்பும்போது என்னோடு பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

ஜப்பான் கதை சொன்ன உங்கள் கோச்சுக்கு மீதிக் கதையையும் சொல்லுங்கள். 1998-இல் கோஷியன் என்கிற பள்ளிகளுக்கான போட்டியில் மட்சுசாக்கா டைசுகே என்ற மாணவர் 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசினார். மறுநாள் அரையிறுதியிலும் கடைசியில் வந்து வீசி, அதற்கடுத்த நாள் இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நாடே கொண்டாடியது. அதே மட்சுசாக்கா 2011-இல், டாமி ஜானுக்குச் செய்த அதே அறுவைக்குப் படுத்தார். ஜப்பானின் பள்ளி பேஸ்பால் சம்மேளனமே 2020-இலிருந்து ஒரு வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு போட்டுவிட்டது. அந்த 500-ம் அதிகம் என்பது என் எண்ணம். ஜப்பானே விட ஆரம்பித்ததை நீங்கள் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள்?

இரண்டில் ஓர் அணியை விட்டுவிடுங்கள். எதை என்று அவன் சொல்லட்டும். கட்டிய பணம் போனால் போகிறது. பனிக்காலத்தில் பந்து வீசுவது கூடவே கூடாது. வருடத்தில் நாலு மாதம், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து, கைக்கு ஓய்வு வேண்டும் என்பது அந்த வழிகாட்டியிலேயே இருக்கிறது. இது பிறகு. இன்று ராத்திரி அவன் அறைக்குப் போய், எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்டு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அடுத்த வாரம் எந்த ஊர், யாரோடு ஆட்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். முழங்கையின் உட்பக்கத்தைத் தொட்டான் என்றால், வலி எவ்வளவு சின்னது என்று அவன் சொன்னாலும், நாளைக்கே பிள்ளைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பந்து பையிலேயே இருக்கட்டும்.

எந்தப் பக்கம் தொட்டான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா