குசினி டொச்சிலிருந்து பி1 வரை: வகுப்பே வேண்டாம் என்பவருக்கு எங்கே தொடங்குவது?

வாசகி ஒருவரின் கேள்வி: "டோர்ட்முண்டில் வசிக்கிறோம். இவருக்கு 47 வயது. 15 வருடமாக ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. அங்கே டொச் (ஜேர்மன் மொழி) கதைத்துச் சமாளிக்கிறார். கடிதம் வந்தால் மகளிடம் நீட்டிவிடுவார். ஜேர்மன் குடியுரிமைக்கு பி1 தரத்தில் டொச் வேண்டும் என்றால், 'இந்த வயதில் பள்ளிக்கூடமா, மண்டையில் ஏறாது' என்கிறார். எப்படிப் படிக்கவைப்பது?"

உங்கள் கணவரை டொச் தெரியாதவர் என்று நினைப்பதை முதலில் விடுங்கள். 15 வருடம் குசினியில் நின்றவருக்கு நூற்றுக்கணக்கான சொற்கள் தெரியும். வேகமாகக் கதைத்தாலும் காது பிடிக்கும். அவரிடம் இல்லாதவை முழு வசனமும், எழுத்தும், அலுவலகப் பேச்சும்தான். இப்படிப்பட்டவர்கள் மறுப்பதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது குறைவு. இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து பிழைவிட மானம் இடம்கொடுப்பதில்லை. "படியுங்கோ" என்று சொல்லச் சொல்ல அந்தக் கூச்சம்தான் வளரும்.

இன்னொரு காரணத்தையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஊர்க் கடவுச்சீட்டைக் கைவிட வேண்டிவரும் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். 2024 ஜூன் 27 முதல் ஜேர்மனி அதைக் கேட்பதில்லை. காத்திருக்கும் காலமும் 8 வருடத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் இலங்கைக் குடியுரிமையை வைத்திருக்க வேண்டுமென்றால் இலங்கை அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

பி1 வகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். குடியுரிமைக்கு, நாட்டைப் பற்றிக் கேட்கும் 'ஐன்பூர்கெருங்ஸ்டெஸ்ட்' என்ற இன்னொரு பரீட்சையும் உண்டு. 33 கேள்விகள், 60 நிமிடம், 17 சரியென்றால் சித்தி, கட்டணம் 25 யூரோ. கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்ட 310 கேள்விகளிலிருந்துதான் வரும். நான்கு விடைகளில் ஒன்றுக்குப் புள்ளடி போட்டால் போதும். எழுதவோ கதைக்கவோ தேவையில்லை. நாளுக்கு 10 கேள்வி பார்த்தால் ஒரு மாதத்தில் ஒரு சுற்று முடியும். வாசிப்புப் பழக்கமும் அதனோடு வரும், கையில் ஒரு சான்றிதழும் இருக்கும். ஏறாது என்று சொன்ன மண்டையில் ஏறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நேரம் இல்லை என்பாரானால், பிள்ளைகள் தமிழாலயத்தில் (தமிழ்ப் பள்ளியில்) இருக்கும் சனிக்கிழமை மணித்தியாலங்களைக் கேளுங்கள்.

அதே மாதத்தில் வீட்டிலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். கடிதம் வந்ததும் மகள் வாசித்துச் சொல்லக் கூடாது. யார் அனுப்பியது, எந்தத் திகதிக்குள், பணமா பத்திரமா நேரில் வரவா என்ற மூன்றை மட்டும் அவரே பேனாவால் கோடிட்டுக் கண்டுபிடிக்கட்டும். பிறகு மகள் சரிபார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. மற்றவர்கள் முன்னால் அவருடைய டொச்சைத் திருத்துவதை மகளும் நீங்களும் அடியோடு நிறுத்துங்கள். கணவனுக்கு மனைவியோ மகளோ ஆசிரியராகும் வீட்டில் படிப்பு சண்டையில்தான் முடிகிறது.

அடுத்தது வகுப்பு. ஃபொல்க்ஸ்ஹோக்ஷூல என்ற வளர்ந்தோர் கல்வி நிலையத்தில் சேர முன் தரம் பார்க்கும் சோதனை வைப்பார்கள். எழுத்தை மட்டும் பார்த்தால் அவரை ஆரம்பநிலையான ஏ1 வகுப்பில் போட்டுவிடக்கூடும். அங்கே "இது என் பெயர்" என்று தொடங்குவார்கள், அவர் இரண்டாம் கிழமை நின்றுவிடுவார். வாய்மொழியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குசினி வேலைக்காரருக்கு மாலை வகுப்பு சரிவராது, காலை வகுப்பைத் தேடுங்கள்.

எந்தப் பரீட்சை என்பதில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். கோத்தே நிறுவனத்தின் பி1 பரீட்சையில் வாசித்தல், கேட்டல், எழுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியே 60 புள்ளி வேண்டும். டி.டி.இசட். எனப்படும் குடிவரவாளர் பரீட்சை வேறுவிதம். அதில் பேசுதலில் பி1 கட்டாயம். அதோடு எழுதல், அல்லது கேட்டலும் வாசித்தலும் சேர்ந்த பகுதி, இவற்றில் ஏதாவது ஒன்று பி1 தரத்தில் இருந்தால் முழுப் பரீட்சையும் பி1. வாயால் வலுவானவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எழுதல் 30 நிமிடம்: இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தெரிந்து, நான்கு குறிப்புகளுக்கும் பதில் வரும்படி ஒரு கடிதம். வீட்டுக்காரருக்கு, ஆசிரியருக்கு, முதலாளிக்கு என்று பத்துக் கடிதம் எழுதிப் பழகினால் வடிவம் பிடிபடும்.

பேசுதலில் அவரைக் கவிழ்க்கக் கூடியவை சில. குசினியில் எல்லோரும் 'டூ', பரீட்சகருக்கு 'சீ'. நீ, நீங்கள் என்று கதைத்து வளர்ந்தவருக்கு வித்தியாசம் விளக்கத் தேவையில்லை, வினைச்சொல்லைப் பழகினால் போதும். 'நான் போகிறேன்' என்பதற்குக் குசினியில் "இஷ் கேயன்" என்றால் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். அது "இஷ் கேய" ஆக வேண்டும். இலக்கம் சொல்லும்போது 21 என்பது 'ஒன்றும் இருபதும்' என்று தலைகீழாக வரும், ஆகவே தொலைபேசி இலக்கங்களைக் கேட்டு எழுதிப் பழகட்டும். டொச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்க விடாதீர்கள்: சுடுவதற்கும் பொதி கட்டுவதற்கும் உரிய இரண்டு சொற்களும் தமிழில் 'பாக்கன்' என்றே ஆகிவிடும்.

ஒரு இடத்தில் தமிழ் அவருக்குக் கைகொடுக்கும். 'வைல்' (ஏனென்றால்), 'தஸ்' (என்று), 'வென்' (என்றால்) போட்டால் வினைச்சொல் வசனத்தின் கடைசிக்குப் போகும். "வைல் இஷ் கிராங்க் பின்" என்பதில் கடைசிச் சொல்தான் வினை, "எனக்கு வருத்தம் இருக்கிறபடியால்" என்பதைப் போல. ஆங்கிலம் கதைக்கிறவர்கள் திணறும் இடம் இது. பி1 தரத்துக்கும் இந்த வசனங்கள்தான் தேவை. நாளுக்கு மூன்று 'வைல்' வசனம், அவருடைய வேலையைப் பற்றியே, கைபேசியில் பதிவு செய்து திரும்பக் கேட்கட்டும்.

டி.டி.இசட். வாய்மொழிப் பகுதியை வழக்கமாக இரண்டு பேராகத்தான் செய்ய வேண்டும்: தன்னைப் பற்றிச் சொல்வது, படம் ஒன்றைப் பற்றிக் கதைப்பது, இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிடுவது. மொத்தம் சுமார் 16 நிமிடம். அதற்குப் பழக நல்ல ஆள் கூட வேலைசெய்யும் ஒருவர்தான், முடிந்தால் தமிழ் தெரியாத ஒருவர். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடைப்பட்ட ஓய்வில், முதலாளியின் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடலாம் என்று இருவரும் பத்து நிமிடம் டொச்சில் திட்டம் போடட்டும்.