பலர் பார்த்த பறக்கும் தட்டை ‘வெறும் விமானம்தான்’ என்று ராணுவம் எதை வைத்துச் சொல்கிறது? மூடிமறைக்கிறார்களா?

பெரும்பாலும் மூடிமறைப்பு இல்லை. ஆனால் பறப்புப் பதிவேட்டைச் சரியாகப் பார்க்காமல் பதில் சொன்னால் அப்படித்தான் தோன்றும். அமெரிக்காவின் டெக்சாஸில் ஸ்டீபன்வில் பகுதியில் 2008 ஜனவரி 8 மாலை பலரும் விசித்திரமான விளக்குகளைப் பார்த்தார்கள். எங்கள் விமானம் எதுவும் அங்கே இல்லை என்றது விமானப்படையின் 301ஆவது போர் விமானப் பிரிவு. ஜனவரி 23 அன்று அதே பிரிவு, 10 எஃப்-16 விமானங்கள் மாலை 6 முதல் 8 மணி வரை பக்கத்துப் பயிற்சி வான்பகுதியில் பறந்ததாகத் திருத்திச் சொன்னது. அந்த இரண்டு வார இடைவெளிதான் சந்தேகத்துக்குத் தீனி போட்டது.

முறையான விசாரணையில் ‘என்ன வடிவம்’ என்பது கடைசிக் கேள்வி. முதலில் நேரம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒரு நிமிடத்தில் 15 கி.மீ. நகர்ந்துவிடும், சாட்சியின் கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினால் வேறு விமானத்தைப் பிடித்துவிடுவோம். அடுத்தது திசையும் உயரக் கோணமும், அதாவது அடிவானத்திலிருந்து எவ்வளவு மேலே என்பதும். சாட்சியை நின்ற இடத்திலேயே மறுபடி நிறுத்தி, கையை நீட்டி முஷ்டியால் அளக்கச் சொன்னால் போதும்: ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. திசைகாட்டியில் எடுத்த திசைக்கு அந்த இடத்தின் காந்த விலக்கத்தை (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தை) கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு அந்தக் கோட்டை வரைபடத்தில் இழுத்து, ராடார் பதிவையும் பறப்புப் பதிவேட்டையும் அதன்மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

சாட்சி சொல்லும் தூரத்தை மட்டும் நம்பக் கூடாது. அளவு தெரியாத பொருளின் தூரத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது.

இதற்கு சிலியில் நடந்ததைவிட நல்ல பாடம் இல்லை. 2014 நவம்பர் 11 அன்று கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று, வெப்பத்தைப் படமாகக் காட்டும் அகச்சிவப்புக் கேமராவில் ஒரு பொருளைப் பல நிமிடங்கள் படம் பிடித்தது. திரையில் தெரிந்தவை ஒட்டிய இரண்டு கரும்புள்ளிகளும் பின்னால் நீண்ட ஒரு தாரையும். தூரம் 55 முதல் 65 கி.மீ. என்று கணித்தார்கள், அங்கே அடையாளம் தெரியாத எதுவும் ராடாரில் இல்லை. அரசு விசாரணைக் குழு இரண்டு ஆண்டு ஆராய்ந்தும் விடை காணாத நிலையில், 2017 ஜனவரியில் படம் வெளியானது. கேமரா பார்த்த திசையையும் ஹெலிகாப்டர் இருந்த இடத்தையும் ஆர்வலர்கள் பறப்புப் பதிவுகளோடு பொருத்தினார்கள். அதே கோட்டில், இன்னும் தொலைவில், சாண்டியாகோவிலிருந்து கிளம்பி மேலேறிக்கொண்டிருந்தது நான்கு என்ஜின் கொண்ட ஐபீரியா 6830 என்ற ஸ்பெயின் நிறுவனப் பயணிகள் விமானம். பக்கத்துக்கு இரண்டாக இருக்கும் என்ஜின்களின் வெப்பம் இரண்டு புள்ளிகளாகிவிட்டது. ராடாருக்கு அது பெயர் தெரிந்த பயணிகள் விமானம். அடையாளம் தெரியாததைத் தேடியவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

‘சத்தமே வரவில்லையே’ என்பார்கள். 10 கி.மீ. தள்ளிப் போகும் விமானத்தின் ஒலி வந்து சேர அரை நிமிடம் ஆகும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் காதில் விழாமலே போகலாம். ‘ஆடாமல் அசையாமல் நின்றது’ என்றால் முதலில் சரிபார்க்க வேண்டியது, தரையிறங்கும் விளக்கோடு நேராக நம்மை நோக்கி வரும் விமானம். அது திரும்பும்போது வெளிச்சம் சட்டென்று மங்கி, இடது இறக்கையில் சிவப்பும் வலதில் பச்சையும் தெரியும். சாட்சி அந்த நிறங்களைச் சொன்னால், எந்தப் பக்கம் எது தெரிந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விமானம் போன திசை அதிலேயே கிடைத்துவிடும்.