சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தம்பி போகட்டும், அம்மா

வணக்கம் அம்மா. போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கு வந்தபோது, உங்கள் கேள்விகளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்தது. உங்கள் பையனும் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் சில விஷயங்களைச் சொல்ல எனக்கும் தயக்கம். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். முதலில் சனிக்கிழமை நடக்கும் டேட்டாபேஸ் பயனர் குழுக் கூட்டம். டேட்டாபேஸ் என்றால் தகவலை ஒழுங்காகச் சேமித்து, கேட்டதும் எடுத்துத் தரும் மென்பொருள்.

“இலவசமாம், ஹோட்டலாம், காலையிலேயே போயிடணுமாம், சாப்பாடும் போடுவாங்களாம். நேரடி விற்பனைக் கும்பல் மாதிரி இருக்கே சார்?” என்று கேட்டீர்கள். நான் சிரிக்கவில்லை, கவனித்திருப்பீர்கள். தண்ணீர் வடிகட்டி, தங்கக் காசு, மூலிகைக் காப்பி என்று வந்து சேமிப்பைச் சுரண்டிக்கொண்டு போனவர்களை நம் தாமான்களில் தெரியாதவர் யார்? இலவசம் என்றதும் உங்களுக்குச் சந்தேகம் வந்தது நல்லதுதான். ஆனால் இந்தக் கூட்டம் வேறு வகை.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது: பயனர் குழு. ஒரு மென்பொருளை வேலையில் பயன்படுத்துகிறவர்கள் தாங்களாகவே கூடும் குழு. விற்பவர்கள் நடத்துவதல்ல. இந்தப் பழக்கம் கிட்டத்தட்ட கணினி அளவுக்கே பழையது. 1955-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஐ.பி.எம். 704 என்ற பெரிய கணினியை வாங்கவிருந்தவர்கள் ஒன்றுகூடி ‘ஷேர்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே நிரலைத் தனித்தனியாக எழுதி மண்டையை உடைத்துக்கொள்வானேன், எழுதியதைப் பகிர்ந்துகொள்வோமே என்பதுதான் எண்ணம். பிற்பாடு டேட்டாபேஸ்காரர்களும் அதே வழியில் போனார்கள். ஐ.பி.எம்.மின் டிபி2 என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துவோருக்கு 1988-இல் ஓர் அனைத்துலகக் குழு உருவானது. வட்டாரக் குழுக்கள் பல ஊர்களில் கல்விக் கருத்தரங்கு நடத்துகின்றன. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்.கியூ.எல். சர்வரைப் பயன்படுத்தும் ஆட்கள் 2007-இல் ஆர்லாண்டோவில் சனிக்கிழமைக் கூட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த வழக்கம் பல நாடுகளுக்குப் பரவியது. அதற்குப் பின்னால் இருந்த தாய்ச் சங்கம் 2021 தொடக்கத்தில் மூடப்பட்டது, ஆனாலும் சனிக்கிழமைக் கூட்டங்கள் நிற்கவில்லை. தொண்டர்கள் நடத்துவது இப்படித்தான். ஓர் ஆண்டு சுறுசுறுப்பாக இருக்கும், மறு ஆண்டு படுத்துவிடும், பிறகு வேறு யாராவது எழுப்பி உட்கார வைப்பார்கள். அதனால் இந்த மாதம் கூட்டம் இல்லை என்று தம்பி சொன்னால் பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு யார் பணம்? பெரும்பாலும் ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவனம் தரும். பதிலுக்கு அவர்கள் ஆள் ஒருவர் அரைமணி நேரம் தங்கள் பொருளைப் புகழ்ந்து பேசுவார். அதைக் கேட்டுக்கொண்டே கறிப்பஃப் சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் நாள் முழுக்க ஒரே கம்பெனியின் புகழ் பாடினால் அது விற்பனைக் கூட்டம், கருத்தரங்கு அல்ல. தம்பி மத்தியானமே ரயில் ஏறிவிடலாம். ‘இரண்டு பேரை அழைத்து வா’ என்றோ ‘உறுப்பினராகப் பணம் போடு, திரும்ப வரும்’ என்றோ யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும். அப்புறம் அடையாள அட்டை எண். அலுவலகக் கட்டடங்களில் கீழே காவலர் அட்டையைக் கேட்பார், அது வழக்கம். கூட்டத்தின் பதிவுத் தாளில் அந்த எண்ணை எழுத வேண்டிய அவசியமில்லை. பெயரும் மின்னஞ்சலும் போதும்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒருமுறை காஜாங்கிலிருந்து வந்த மாணவன் ஒருவனோடு நானே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாதி புரியவில்லை, ஒத்துக்கொள்கிறேன். புரிந்த பாதி இன்னும் மறக்கவில்லை. ஒருவர் தன் அலுவலகத்தில் மாதக் கடைசி அறிக்கை மணிக்கணக்கில் ஓடிய கதையைச் சொன்னார்.

நீங்கள் கோயில் நன்கொடைக் கணக்கு எழுதுவதாகச் சொன்னீர்களே, அதை வைத்தே விளக்கிவிடலாம். பதிவேடு தேதிவாரியாக இருக்கிறது. ஒரு குடும்பம் இத்தனை வருடங்களில் என்னென்ன கொடுத்தது என்று கேட்டால் எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். அதற்குப் பதிலாகப் பெயர்வாரியாக ஒரு சின்ன நோட்டு வைத்து, எந்தப் பக்கம் என்று குறித்து வைத்திருந்தால் சட்டென்று கிடைத்துவிடும். அந்தச் சின்ன நோட்டுதான் இண்டெக்ஸ். (ஆனால் ஒவ்வொரு நன்கொடைக்கும் இரண்டு நோட்டில் எழுத வேண்டும். பத்து நோட்டு வைத்தால் எழுதுகிறவர் கை ஒடிந்துவிடும். டேட்டாபேஸுக்கும் அதே கஷ்டம்தான்.)

அந்த மனிதரின் அலுவலகத்தில் இண்டெக்ஸ் இருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்? அடையாள அட்டை எண்ணை எழுத்தாகச் சேமித்திருந்தார்கள். யாரோ எழுதிய நிரல் அதை எண்ணாக வைத்துத் தேடியது. இரண்டையும் ஒப்பிட, டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியையும் எடுத்து எண்ணாக மாற்றிப் பார்த்தது. இண்டெக்ஸ் ஒரு பக்கம் சும்மா கிடந்தது. தேடும் எண்ணின் இரு பக்கமும் மேற்கோள் குறி போட்டார்கள், சரியாகிவிட்டது. அவ்வளவுதான் வைத்தியம்! எங்களுக்கு முன்னால் இருந்த பெண் ஒருவர் உடனே கையைத் தூக்கி, “2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குமே, எண்ணாக வைத்தால் அந்தப் பூஜ்யமே போய்விடுமே” என்றார். உங்கள் பையன் 2005-இல் பிறந்தவன். அவன் அட்டை எண்ணே அப்படித்தான் தொடங்குகிறது, பாருங்கள். இன்னொருவர் இதைவிடப் பயங்கரமான கதை சொன்னார். தினமும் பேக்கப், அதாவது காப்பு நகல், எடுத்திருக்கிறார்கள், ஒருநாளும் அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை. வேண்டிய நாளில் அது ஏறவில்லை. அறையில் சத்தமே இல்லை. எல்லாரும் தங்கள் அலுவலகத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள் போல.

இந்தக் கதைகள் பாடப்புத்தகத்தில் வராது அம்மா. எந்தக் கல்லூரி விரிவுரையாளரும் தன் தவற்றை ஸ்லைடு போட்டுக் காட்டுவதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கட்டத் தயாராக இருக்கும் ஏழாயிரம் வெள்ளி சான்றிதழ் வகுப்பு. வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். சான்றிதழ் கெட்டது என்று நான் சொல்லவில்லை, வரிசை தப்பு. தம்பி டிப்ளோமா இரண்டாம் ஆண்டில் இருக்கிறான், பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஏற்கெனவே ஓடுகிறது. வேலைக்குப் போன பிறகு இதே பயிற்சிக்கு முதலாளி பணம் கட்ட வழி இருக்கிறது: பத்தும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும், மனிதவள மேம்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை அரசின் மனிதவள மேம்பாட்டு அமைப்பான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு வரியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்கென்றே இருக்கிறது. நாளை முதலாளி கொடுக்கக்கூடியதை இன்று அப்பா கடன் வாங்கிக் கொடுப்பானேன்? தேர்வு எழுதியே தீருவேன் என்றால் டேட்டாபேஸ் நிர்வாகத்துக்கான மைக்ரோசாஃப்டின் டிபி-300 (DP-300) போன்ற தேர்வுகளுக்கு வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாடங்களை அந்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது, தேர்வுக் கட்டணம் மட்டும்தான் செலவு.

பழகிப் பார்க்கும் மென்பொருளுக்கும் காசு வேண்டாம். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் முழுக்க இலவசம். எஸ்.கியூ.எல். சர்வரில் கற்பவர்களுக்கென இலவசப் பதிப்பு உண்டு, ஆரக்கிளிலும் உண்டு. அவனுடைய பழைய மடிக்கணினியே தாங்கும். அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் வாராந்திர பெட்ரோல் விலையும், ரயிலிலும் பேருந்திலும் தினமும் எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கும் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, ஒரு டேட்டாபேஸில் ஏற்றி, தைப்பூசத்தன்று ரயிலில் கூட்டம் எவ்வளவு கூடியது என்று அவன் கண்டுபிடித்துக் காட்டட்டும். நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் ஐந்து நிமிடம் உயிரோடு பேசுவான்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: டேட்டாபேஸ் நிர்வாகி என்ற நாற்காலியில் புதிதாகப் படித்து வந்தவனை நேராக உட்கார வைப்பது அபூர்வம். யாருடைய உயிர்நாடியை யாரிடம் ஒப்படைப்பார்கள்? அப்ளிகேஷன் சப்போர்ட், அறிக்கை தயாரிப்பு, தரவுப் பொறியாளருக்கு உதவியாள் என்று பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். போன பிறகு மதிப்பு உண்டு. வங்கிகளுக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் விதியைப் பாருங்கள்: வாடிக்கையாளரைத் தொடும் முக்கியக் கணினி எதிர்பாராமல் நின்றால் ஒரு தடவைக்கு 120 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, 12 மாதத்தில் எல்லாம் கூட்டி 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த 120 நிமிடத்தில் பதறாமல் உட்கார்ந்து சரிசெய்கிறவருக்குத்தான் சம்பளம். அதே காரணத்தால் நள்ளிரவு ஸ்டேண்ட்பையும் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி போன் வந்தால் தம்பி முறுக்கை வைத்துவிட்டுக் கணினியைத் திறக்க வேண்டியிருக்கும். இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று உங்கள் மைத்துனர் சொன்னாராம். கொஞ்சம் விழுங்கத்தான் செய்கிறது. டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை எழுதுவதை இயந்திரம் நன்றாகவே செய்கிறது. பேக்கப் எடுப்பது போன்ற வழக்கமான வேலையை, கணினியை இணையம் வழியாக வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்கள் தாங்களே செய்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கேள்விகளை எழுதும் மொழியான, தம்பி இந்தச் செமஸ்டரில் படிக்கும் எஸ்.கியூ.எல்.லின் வயதைக் கேளுங்கள். ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையிலிருந்து, 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் உருவாக்கிய மொழி. எத்தனையோ கணினிகள் மாறியும் அது நிற்கிறது. அமேசான் 2024-இல் தன் கிளவுட் மையங்களை மலேசியாவிலேயே திறந்தது. உள்ளே டேட்டாபேஸ்களும் ஓடுகின்றன. எது பிழைக்கும் என்று என்னைவிட அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும், தம்பி அவர்களிடமே கேட்கட்டும்.

அவனுக்குக் கூச்சம் அதிகம் என்றீர்கள், ஆங்கிலம் தடுமாறும் என்றும். அங்கே பேசும் ஆங்கிலம் பாதி மலாய், பாதி கணினிச் சொல். இருநூறு சொல் தெரிந்தால் ஓட்டிவிடலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். புரியாத சொல் விழுந்தால் கேட்டபடி எழுதிக்கொள்ளட்டும், வீட்டுக்கு வந்து தேடிப் படிக்கட்டும். தேநீர் இடைவேளையில் சுயவிவரத்தை நீட்டி ‘வேலை இருக்கா’ என்று கேட்க வேண்டாம், அது எல்லாருக்கும் சங்கடம். ‘அண்ணா, நீங்க முதல்ல எந்த வேலையில சேர்ந்தீங்க?’ என்று கேட்டால் யாரும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பேசுவார்கள். அதுவும் முடியவில்லையா, பதிவு மேசையில் உதவி வேண்டுமா என்று கேட்கட்டும். நாற்காலி போடவும் பெயர் அட்டை கொடுக்கவும் ஏற்பாட்டாளர்களுக்கு எப்போதும் ஆள் போதாது. அந்தக் காஜாங் பையன் அப்படித்தான் ஆரம்பித்தான். மூன்று கூட்டம் நாற்காலி போட்டான், நான்காவதில் ஒருவர் அவனை மூன்று மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். முதல் மாதம் முழுக்க மற்றவர்கள் மறந்த கடவுச்சொல்லை மாற்றிக்கொடுத்தான் என்று சலித்துக்கொண்டான். சலித்துக்கொள்ளட்டும்.

பினாங்கில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்கி வேலை தேடலாமா என்றும் கேட்டீர்கள். படிப்பு முடியட்டும். அங்கே கதை வேறு. 1972-லிருந்து பாயான் லெப்பாஸில் வளர்ந்த தொழிற்சாலைகள், சிப்பைச் சோதிக்கும்போது கொட்டும் தரவு. வங்கியைவிட அது பிடிக்கிறது என்றால் அப்போது பார்ப்போம்.

ரவாங்கிலிருந்து கே.டி.எம். ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் கெரிஞ்சி, பங்சார் சவுத்தில் கூட்டம் என்றால் வழி இதுதான். வார நாள் மாலைக் கூட்டமாக இருந்தால் கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், பேச்சு சுவாரசியமானால் மணி தெரியாது. முதல் முறை நீங்கள் கூடப் போக நினைத்தால் கீழே சாப்பாட்டுக்கடையில் இருங்கள், மேலே வேண்டாம். அவன் மானம் போய்விடும்.

இரண்டு கூட்டம் முடிந்த பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தோடு அவனை என்னிடம் அனுப்புங்கள். வீட்டுக்காரர் அந்தப் பயிற்சி மையத்துக்கு முன்பணம் ஏதும் கட்டிவிட்டாரா என்று இன்றே கேளுங்கள். கட்டியிருந்தால் ரசீதையும் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் நீங்களே நாளை எடுத்து வாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு எந்தத் தேதி என்று அதில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.