சாவேஸ் காலம் திரும்புமா? மெக்சிகோ குத்துச்சண்டை பற்றி வாசகர் கேள்விகள்

மெக்சிகோவின் நட்சத்திர வீரர் கனேலோ அல்வாரெஸ் அமெரிக்காவின் டெரன்ஸ் கிராஃபோர்டிடம் தோற்றதிலிருந்து மெக்சிகோ குத்துச்சண்டை பற்றிய கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கிராஃபோர்டிடம் கனேலோ தோற்றதும், "சாவேஸோடு எல்லாம் முடிந்துபோயிற்று" என்று மெக்சிகோ ரசிகர்கள் ஆதங்கப்படுகிறார்கள். நியாயமா? (மதுரை வாசகர்)

பாதி நியாயம்.

அந்தத் தோல்வியில் அவமானம் ஏதுமில்லை. 2025 செப்டம்பர் 13, லாஸ் வேகாஸ் அலீஜியன்ட் ஸ்டேடியம். 116-112, 115-113, 115-113 என்று மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டைகளும் கிராஃபோர்டுக்கே போயின. மெக்சிகோ சுதந்திர தினத்தை ஒட்டிய வாரக்கடைசி அது. தங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டதாக மெக்சிகோ ரசிகர்கள் நினைக்கும் தேதி. அன்றைக்குத் தோற்றதால்தான் வலி அதிகம்.

சாவேஸோடு ஒப்பிட்டால் யாருமே சிறியவராகத்தான் தெரிவார். ஹுலியோ சேஸர் சாவேஸ் 1980-ல் தொழில்முறைக்கு வந்தார். 1984-ல் முதல் உலகப் பட்டத்துக்கு மோதும்போதே நாற்பதுக்கும் மேற்பட்ட சண்டைகளைப் பார்த்துவிட்டார். 1993 பிப்ரவரியில் அஸ்டெகா ஸ்டேடியத்தில் அவர் கிரெக் ஹாகனை அடித்ததைப் பார்க்க 1,30,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். முதல் தோல்வி 1994 ஜனவரியில்தான். ஓய்வு பெறும்போது கணக்கில் 107 வெற்றிகள்.

ரசிகர்கள் உண்மையில் இழந்திருப்பது இந்தச் சண்டை எண்ணிக்கையைத்தான். 1969-ல் லயனல் ரோஸிடமிருந்து பேன்டம் வெயிட் (118 பவுண்ட்) பட்டத்தைப் பறித்த ரூபன் ஒலிவாரெஸ் அதற்கு முன்பே ஐம்பது சண்டைகளைத் தாண்டியிருந்தார். உள்ளூர் அரங்கில் அடிக்கடி ஒரு சண்டை. ஒரு முறை இடதுகைக்காரன், அடுத்த முறை நெட்டையன், அதற்கடுத்த முறை கட்டிப்பிடித்துத் தலையால் முட்டுகிறவன். உலகப் பட்டத்துக்கு வரும்போது புதிதாகப் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது. இன்று இருபது, இருபத்தைந்து சண்டையிலேயே பட்ட வாய்ப்பு வந்துவிடுகிறது. சாம்பியன் ஆனபின் வருடத்துக்கு இரண்டு சண்டை இருந்தாலே அதிகம். பதினைந்து வயதில், 2005-லேயே பணத்துக்குச் சண்டை போட வந்த கனேலோதான் அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் கடைசி மாணவர் என்று சொல்ல வேண்டும்.

'மெக்சிகன் ஸ்டைல்' என்றால் பின்வாங்காமல் முன்னேறி அடிப்பதுதானே? இப்போதைய வீரர்களிடம் அது இல்லையே? (திருச்சி வாசகர்)

இந்த எண்ணத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில் 'மெக்சிகன் ஸ்டைல்' என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனவர் கஜகஸ்தானின் கென்னாடி கொலோவ்கின். அவருடைய பயிற்சியாளர் ஏபெல் சான்செஸ் அதை ஒரு விளம்பர வாசகமாகவே ஆக்கிவிட்டார்.

உண்மையான மெக்சிகோ மரபில் பின்காலில் நின்று யோசித்து அடித்தவர்கள் ஏராளம். சல்வடோர் சான்செஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஆகஸ்டில் எதிரே வந்த வில்ஃப்ரெடோ கோமெஸ் அதுவரை தோற்றதே இல்லை, 32 வெற்றிகளும் நாக் அவுட். சான்செஸ் அவரைத் தேடிப் போகவில்லை. வரவிட்டு, வரும் வழியிலேயே குத்தினார். முதல் ரவுண்டிலேயே கோமெஸ் கீழே விழுந்தார், எட்டாவதில் ஆட்டம் முடிந்தது. மறு ஆண்டு ஜூலையில், பின்னாளில் பெரும் சாம்பியனான கானாவின் அசூமா நெல்சனைப் பதினைந்தாவது ரவுண்டில் வீழ்த்தினார். மூன்றே வாரத்தில் கார் விபத்தில் இறந்தபோது வயது 23. மெக்சிகோ ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத இழப்பு அது.

105 பவுண்ட் எடையில் ஆண்ட ரிக்கார்டோ லோபெஸ் 51 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்லாமல் ஓய்வு பெற்றார். அவர் ஒரு காலடியைக்கூட வீணாக வைத்ததில்லை. கியூபாவில் தொழில்முறைக் குத்துச்சண்டை தடை செய்யப்பட்டதும் மெக்சிகோவுக்கு வந்து அந்த நாட்டுக்காரராகவே ஆகிப்போன ஹோசே நாப்போலெஸை 'மான்தெக்கில்யா' என்பார்கள். வெண்ணெய் மாதிரி வழுக்கும் அசைவு.

இன்னொரு உதாரணம் மெக்சிகோவின் மார்க்கெஸும் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவும் மோதிய நான்காவது சண்டை, 2012 டிசம்பர் 8. ஆறாவது ரவுண்டு முடிய ஒரு விநாடிதான் பாக்கி. மூக்கு உடைந்து, மூன்று அட்டைகளிலும் ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தார் ஹுவான் மனுவேல் மார்க்கெஸ். பாக்கியாவ் ஜாப் (முன்னே இருக்கும் கையால் போடும் நேர்க்குத்து) போட்டுக்கொண்டே உள்ளே பாய்கிறார். மார்க்கெஸ் பின்வாங்கி ஓடவும் இல்லை, முன்னே பாயவும் இல்லை. எடையைப் பின்காலில் வைத்து, ஜாபின் பக்கவாட்டில் தலையை நகர்த்தி, வலது கையைக் குறுகலாக நீட்டினார். பாக்கியாவின் வேகமே அந்தக் குத்துக்குப் பலமானது. மூன்று சண்டைகளாக அந்தப் பாய்ச்சலைப் படித்ததன் பலன் அது. மெக்சிகோ நகரத்துப் பயிற்சியாளர் நாச்சோ பெரிஸ்தாயின் வளர்த்த வித்தை. லோபெஸும் அவரிடம் பயின்றவர்தான்.

சாவேஸின் கல்லீரல் குத்தை எப்படிப் போடுவது? என் பையன் மூன்று மாதமாகக் குத்துப்பையில் பழகுகிறான். கை மட்டும்தான் வலிக்கிறது. (வியாசர்பாடி வாசகர்)

கல்லீரல் வலப்பக்க விலா எலும்புகளுக்கு உள்ளே, கடைசி விலாக்கள் வரை இருக்கிறது. வலதுகைக்காரர் இருவர் எதிரெதிரே நின்றால் நம் இடது கைக்கு நேராக அமையும். அதனால்தான் இது இடது ஹூக்கின் (கையை வளைத்துப் போடும் குத்து) வேலை.

முதலில் தூரம். எட்டி நின்று போடவே கூடாது. உங்கள் நெற்றி அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். இடது காலை அரை அடி முன்னும் இடப்புறமுமாக வையுங்கள். அந்த முழங்காலை மடக்கி உடம்பின் எடையை அதில் இறக்குங்கள். இடுப்பை வளைத்துத் தரையைப் பார்க்கக் கூடாது, அப்பர்கட்டை (கீழிருந்து மேலாக வரும் குத்து) வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிடும். தலை இப்போது அவருடைய வலது கைக்கு வெளியே இருக்கும். முழங்கையை உங்கள் விலாவோடு ஒட்டி, ஏறத்தாழ செங்கோணத்தில் வைத்து, இடுப்பைத் திருப்புங்கள். கை தனியாக வீசாது, இடுப்போடு சேர்ந்து கீழிருந்து சாய்வாக மேலேறும். வலது கை தாடையிலேயே இருக்கட்டும்.

சாவேஸ் இதைத் தனியாகப் போடுவது அபூர்வம். முதலில் வலது கை முகத்துக்கு. அது பட்டாலும் படாவிட்டாலும் இரண்டு வேலை நடந்துவிடும்: எதிராளியின் கைகள் மேலேறும், நம் எடை தானாகவே இடது காலுக்கு வந்து சேரும். பிறகு உடம்புக்கு இடது ஹூக். அவர் முழங்கையை இறக்கினால் அதே கையால் தலைக்கு இன்னொன்று.

சரியாக விழுந்தால் ஒரு விநாடி எதுவும் நடக்காது. அப்புறம்தான் எதிராளி மடங்குவார். ரத்த அழுத்தம் சட்டென இறங்கி மூச்சு பிடித்துக்கொள்ளும். தெளிவாக விழித்திருப்பார், எழ வேண்டும் என்ற எண்ணமும் இருக்கும், கால் மட்டும் கேட்காது.

பையனுக்குக் கை வலிப்பது பெரும்பாலும் முழங்கையை அகலமாகத் தூக்கி மணிக்கட்டை மடக்குவதால்தான். பையில் அவனுடைய முழங்கை உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அதற்குச் சற்று மேலே, ஓரத்தில், பாதி வேகத்தில் பழகட்டும். டேப்புக்குக் கீழே போனால் சண்டையில் பாயின்ட் போகும். 1994-ல் சாவேஸுக்கே அது நடந்தது. ஃபிராங்கி ராண்டலுக்கு எதிராக, கீழே குத்தியதற்காக நடுவர் இரண்டு பாயின்ட் குறைத்தார். அது குறையாமல் இருந்திருந்தால் அந்த முதல் தோல்வியே வந்திருக்காது. ஸ்பாரிங்கில் (பயிற்சி மோதலில்) இந்தக் குத்தைப் பழகினால் எதிரே நிற்பவருக்கு உடல் கவசம் கட்டாயம்.

சாவேஸ்-மெல்ட்ரிக் டெய்லர் சண்டையை நிறுத்தியது சரியா? (கோவை வாசகர்)

1990 மார்ச் 17. கடைசி ரவுண்டில் டெய்லர் விழுந்து எழுகிறார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் "நலமா?" என்று கேட்கிறார். பதில் வரவில்லை, டெய்லரின் கண் தன் கார்னர் பக்கம், அதாவது தன் பயிற்சியாளர் குழு நிற்கும் மூலைக்குப் போகிறது. ஸ்டீல் கையை அசைத்து நிறுத்தினார், வெற்றி சாவேஸுக்குப் போனது. அப்போது 2 விநாடிதான் மிச்சம்.

பதினோரு ரவுண்டு முடிவில் அட்டைகள்: டெய்லருக்கு 107-102, 108-101; மூன்றாவது நடுவர் சாவேஸுக்கு 105-104. விழுந்ததற்காகக் கடைசி ரவுண்டை 10-8 என்று சாவேஸுக்குக் கொடுத்தாலும் 115-112, 116-111 என்று இரண்டு அட்டையில் டெய்லர்தான் ஜெயித்திருப்பார். ஆகவே கோபம் புரிகிறது.

ஆனால் ஸ்டீல் செய்தது சரி என்பதே எங்கள் கருத்து. நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பவர் அல்ல, கண்ணைப் பார்ப்பவர். டெய்லர் அன்று முக எலும்பு முறிந்து, ரத்தத்தை விழுங்கிக்கொண்டே ஆடியிருந்தார். இதற்கு முந்தைய தவறு டெய்லரின் கார்னருடையது. நிம்மதியாக முன்னணியில் இருந்த பையனிடம், கடைசி ரவுண்டை ஜெயித்தாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒதுங்கி ஓடியிருந்தாலே பட்டம் அவருடையது.

15 ரவுண்டு சண்டைகள் திரும்ப வந்தால் நன்றாக இருக்குமே? (சேலம் வாசகர்)

பதினைந்தாவது ரவுண்டில் முடிந்த சான்செஸ்-நெல்சன் சண்டை போன்ற முடிவுகள் இன்று சாத்தியமில்லைதான். ஆனாலும் திரும்ப வேண்டாம்.

1982 நவம்பரில் கொரியாவின் டுக் கூ கிம் பதினான்காவது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்தார். அதையடுத்து, மெக்சிகோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டு ரவுண்டாகக் குறைத்தது. மெக்சிகோவுக்கு அதற்கு முன்பே ஒரு துயரம் உண்டு. 1980-ல் மெக்சிகோவின் லூப்பே பின்தோரிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் வீழ்ந்த வேல்ஸ் நாட்டு ஜானி ஓவன் கண் விழிக்கவே இல்லை. 2002-ல் ஓவனின் ஊரில் சிலை திறக்க அவருடைய குடும்பம் அழைத்தது பின்தோரைத்தான்.

அது பன்னிரண்டாவது ரவுண்டு என்பதைக் கவனியுங்கள். ரவுண்டு குறைப்பு மட்டும் போதாது. உடம்பிலிருந்து தண்ணீரை வடித்து எடை குறைப்பது அதே அளவு ஆபத்து. மூளையைச் சுற்றிய திரவமும் குறைந்த நிலையில் அடி வாங்குகிறார்கள். அதனால் டபிள்யூபிசி 30 நாள் முன்பு எடை வரம்பைவிட 10 சதவீதத்துக்கும், 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது என்கிறது. 126 பவுண்ட் வீரர் என்றால் முறையே 138.6, 132.3. இதைப் பழைய ரசிகர்கள் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு இன்னும் கடுமையாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

கிளெட்டோ ரெய்யெஸ் கிளவுஸ் வாங்கலாமா? (புதுச்சேரி வாசகர்)

ஸ்பாரிங்குக்கென்றால், அந்தக் கம்பெனியின் போட்டி கிளவுஸை வாங்காதீர்கள். மெக்சிகோவில் தைக்கப்படும் அதில் குதிரை முடி அடைப்பு இருக்கும். கைமுட்டியின் எலும்பு எதிராளிக்கு உறைக்கும், அதற்காகத்தான் குத்துபவர்கள் விரும்புகிறார்கள். நாளாக நாளாக முடி ஒதுங்கி முட்டிமேல் மெல்லிசாகிவிடும். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் நுரை அடைப்பும், உள்ளே நாலரை மீட்டர் ஹேண்ட் ராப்பும் (கையில் சுற்றும் துணிப்பட்டை) போதும். நம் கடலோர ஈரத்தில் வியர்வை உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நிஷாந்த் தேவை ஜெயித்த மெக்சிகோ வீரர் யார்? இப்போது யாரைப் பார்க்கலாம்? (திருநெல்வேலி வாசகர்)

மார்கோ வெர்டே. சினாலோவாவின் மசத்லான் ஊர்க்காரர். அப்பாவும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடியவர். காலிறுதியில் முதல் ரவுண்டில் நிஷாந்த் முன்னணியில் இருந்தார், பிறகு வேகம் குறைந்தது, முடிவு 4-1. அந்த முடிவு நம்மவர்களுக்குக் கசப்புதான். ஆனால் வெர்டே கடைசியில் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனதை மறுக்க முடியாது. இறுதிவரை சென்று வெள்ளி வாங்கினார். 1984-க்குப் பிறகு மெக்சிகோ குத்துச்சண்டைக்குக் கிடைத்த முதல் வெள்ளி. 1968-ல் சொந்த மண்ணில் இரண்டு தங்கம் வென்ற நாட்டுக்கு இந்த இடைவெளி மிக நீளம். திறமையானவர்கள் சிறு வயதிலேயே பணத்துக்கு ஆடப் போய்விடுவது ஒரு முக்கியக் காரணம்.

தொழில்முறையில் இமானுவேல் நவார்ரெத்தே 122, 126, 130 பவுண்ட் என்று மூன்று எடைகளில் பட்டம் வென்றவர். கைகள் எந்தக் கோணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் விருப்பம் குவாதலஹாராவின் ரஃபயேல் எஸ்பினோசா. 126 பவுண்டில் ஆறடிக்கும் மேல் உயரம். 2023 டிசம்பரில், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபாவின் ரொபெய்சி ராமிரெஸை எதிர்த்து ஆடிய சண்டையைத் தேடிப் பாருங்கள். ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார், கணுக்காலும் அடிபட்டது. ஒதுங்கி ஆட முடியாத அந்தக் காலோடு உடம்புக்கும் தலைக்கும் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டே இருந்தார். கடைசி ரவுண்டில் விழுந்தது ராமிரெஸ். ஒரு நடுவர் சமம் என்றார், மற்ற இருவரும் எஸ்பினோசாவுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து மறுபடி மோதியபோது ஆறாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டார்.