போன ஞாயிறு மணல் கிடந்த இடத்தில் வரும் ஞாயிறு தண்ணீர் நிற்கும்

கேள்வி: குன்று, காடு, கடலோரம் மூன்றையும் தொட்டுச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் குடும்பத்தோடு நடக்கப் போகிறோம். நான், மனைவி, 12 வயது மகள், 63 வயது மாமனார். மொத்த ஏற்றம் 450 மீட்டர். கடலோரப் பகுதி மட்டும் 4 கிலோமீட்டர். அதன் நடுவே ஒரு பாறை முனையைச் சுற்றிப் போகவேண்டும். போன ஞாயிறு காலை 9 மணிக்குப் போன நண்பர், மணல் பரந்து கிடந்தது, முனையைக் கால் நனையாமல் கடந்தேன் என்கிறார். வரும் ஞாயிறு நாங்களும் அதே நேரத்துக்குக் கடலோரத்தில் தொடங்கலாமா? மூன்று மணி நேரத்தில் முடியுமா?

பதில்: இரண்டுக்கும் என் பதில் “முடியாது” என்பதுதான். ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டாம், சுற்றைத் திருப்பிப்போட்டால் போதும்.

நண்பர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கடல் ஏறி இறங்கும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது ஆறு மணி நேரத்தை நெருங்கிவிடும். பெரும்பாலான கரைகளில் கடல் உச்சத்திலிருந்து முழுவதும் வற்ற ஆகும் நேரமும் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். அதாவது, அவர் வற்றிய கடலைப் பார்த்த அதே 9 மணிக்கு நீங்கள் ஏறிய கடலைப் பார்ப்பீர்கள். அன்று கடல் வற்றுவது பிற்பகல் 3 மணி வாக்கில் இருக்கும். இது என் மனக்கணக்கு. அருகிலுள்ள துறைமுகத்துக்கான ஓத அட்டவணையில் (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) சரியான நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை மட்டுமே கடல் ஏறும் கரைகளும் உண்டு, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாளில் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். நண்பர் போனது அப்படி ஒரு நாளாக இருந்தால், அதற்கு ஒரு வாரம் கழித்துக் கடல் அவ்வளவு தூரம் பின்வாங்காது. நீங்கள் சரியாக 3 மணிக்கே போய் நின்றாலும் முனையின் அடிப்பாறை நீரில் கிடக்கலாம். அப்படி இருந்தால் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள். பாசி படிந்த பாறையில் ஓர் அலை போதும். வரைபடத்தில் முனைக்கு மேலே வேறு பாதை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இரண்டு வாரம் தள்ளிப்போட முடிந்தால் நண்பர் பார்த்த கடல் ஏறக்குறைய அப்படியே கிடைக்கும்.

கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேரத்தில் மூன்று மீட்டர் ஏறும் கரை என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் 25 சென்டிமீட்டர்தான் ஏறும், பார்ப்பவர்களுக்குக் கடல் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மணிக்கு 75 சென்டிமீட்டர். முனைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான்.

இப்போது நடைக்கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கைத்தான் நான் இன்றும் போடுகிறேன். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்கள் பாதைக்கு 3 மணி 33 நிமிடம் வருகிறது. இது நல்ல உடல்வலு உள்ளவர் நிற்காமல் நடக்கும் நேரம். மாமனாரையும் மகளையும் மனத்தில் வைத்து ஒன்றரை மடங்காக்குங்கள், ஓய்வுக்கு ஒரு மணி சேருங்கள். ஆறே கால், ஆறரை மணி நேரம் ஆகும்.

காலை 8 மணிக்குக் குன்றில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் ஏற்றம் முடிந்துவிடும். காட்டைத் தாண்டிக் கடலோரத்துக்கு வரும்போது மணி ஒன்றே கால் ஆகியிருக்கும். கடல் இறங்கிக்கொண்டிருக்கும், நீர் விட்டுப்போன ஈரமணல் கெட்டியாக இருக்கும். காய்ந்த மணலில் நடந்தால் கெட்டித் தரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி போகும். களைத்த கால்களுக்கு அது வேண்டாம். இரண்டரை மணிக்கு முடித்துவிடலாம். எங்காவது தாமதமாகி, மூன்றரை வரை காட்டிலேயே இருந்தால் கடலோரத்தை மறந்துவிட்டு மேட்டுவழியே திரும்புங்கள். இந்த நேரத்தை முதல்நாளே நால்வருமாகப் பேசி முடிவுசெய்யுங்கள். களைத்த பிறகு எடுக்கும் முடிவு எப்போதும் குறுக்குவழியைத்தான் தேடும்.

குன்றைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 450 மீட்டர் உயரத்துக்கு வெப்பம் 3 டிகிரி அளவுதான் குறையும், ஆனால் உச்சியில் வியர்த்த உடம்பில் காற்று அடித்தால் நடுக்கும். ஆளுக்கொரு காற்றுத்தடுப்புச் சட்டை எடுங்கள். மாமனாருக்கு ஊன்றுகோல் ஏறுவதற்கு அல்ல, இறங்கும்போது முட்டியைக் காப்பாற்றுவதற்கு. இடி கேட்டால் உச்சியை விட்டு உடனே இறங்குங்கள்.

காட்டில் நேராகத்தான் போகிறோம் என்ற நம்பிக்கைதான் ஆபத்து. 2009இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழு ஆட்களைக் காட்டில் நடக்கவிட்டுப் பார்த்தது. சூரியன் மேகத்தில் மறைந்திருந்தபோது நடந்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்துத் தங்கள் தடத்தையே குறுக்கே கடந்தார்கள். அதனால் பாதை மங்கினால் முன்னே போய்த் தேடாமல், கடைசியாகத் தெளிவாகப் பாதை தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாவிட்டாலும் உங்கள் இடத்தைக் காட்டும். மகள் கழுத்தில் ஒரு விசில் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் மலைப்பகுதிகளில் அதற்கு உதவி வேண்டும் என்று பொருள்.

திரும்பியதும் குளிக்குமுன் முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, காதோரம், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். கடித்த இடத்தைச் சில வாரம் கவனியுங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.