உபுண்டு வருகிறது, விண்டோஸ் மட்டும் சுற்றுகிறது

கடலூரில் மின்வெட்டுக்குப் பிறகு, ஒரே கம்ப்யூட்டரில் போட்ட இரண்டு ஓஎஸ்ஸில் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) ஒழுங்காக வருகிறது, விண்டோஸ் 11 மட்டும் லோகோ காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில்) தேதியும் பல வருஷம் பின்னால் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ரேமை இப்போதைக்கு விடுங்கள், அது கெட்டிருந்தால் பெரும்பாலும் உபுண்டுவும் தகராறு செய்திருக்கும்.

என் சந்தேகம் மதர்போர்டில் இருக்கும், பயாஸின் தேதியையும் செட்டிங்கையும் காக்கும் சிஆர்2032 என்ற சின்ன வட்ட பேட்டரி மேல்தான். அது தீர்ந்திருந்தால், கரண்ட் போனதும் பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பி, விண்டோஸ் போட்டபோது இருந்த சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) மாறிப்போயிருக்கலாம். லினக்ஸ் அதைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், விண்டோஸ் தன் டிஸ்க்கையே காணாமல் திணறும். (கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மட்டும் தள்ளியிருந்தால் அது வேறு கதை, இரண்டு ஓஎஸ்ஸும் கடிகாரத்தை வேறுவேறாகப் படிப்பதால் வருவது.)

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள், மஞ்சக்குப்பம் பக்கம் வாட்ச் கடையில் கேட்டுப் பாருங்கள். அப்புறம் பயாஸில் அந்த சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்று இருந்தால் ரெய்டு, ரெய்டு இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றிப் பாருங்கள். புது இன்டெல் போர்டு என்றால் விஎம்டி என்ற டிஸ்க் செட்டிங்கையும் அப்படியே மாற்றிப் பாருங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் ரிகவரி கீயை முதலில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்கும் என்றில்லை, கேட்டால் வேறு வழியில்லை. அதுவரை யார் சொன்னாலும் ஃபார்மட் மட்டும் போடாதீர்கள்.